வராத அத்தர்

சுவிஸில், லோசானை ஒட்டிய ரெனானில் எங்கட ஆக்கள் கல்யாணம் வைத்தாலும் மண்டப வாசலில் பன்னீர்ச்செம்பு இருக்கும். சந்தனம், குங்குமம், கற்கண்டு, பிறகு தலையில் இரண்டு துளி பன்னீர். அது எங்களோடு கடல் கடந்து வந்துவிட்டது. அத்தர் வரவில்லை.

மகளின் பிறந்தநாளுக்கு ரோசா சென்ற் வாங்கப் போனோம். கடைக்காரப் பெண் இரண்டு கடதாசித் துண்டில் அடித்து நீட்டினாள். "ரெண்டும் ஒரே மணந்தானே அப்பா" என்றாள் மகள். முதல் மூச்சில் எனக்கும் அப்படித்தான். கொஞ்சம் பொறுத்தால் பிரிகிறது. ஒன்று தேன் கலந்த மென்மை, அச்சொட்டாகப் பன்னீர். ரோசாவை ஆவியில் வடிக்க, ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். அப்படியும் மணத்தின் பெரும் பங்கான ஃபீனைல் எத்தில் ஆல்ககோல் எண்ணெயில் நிற்காமல் தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீர்தான் பன்னீர். மற்றதன் அடியில் சந்தனம். மணிக்கட்டில் தடவினேன். ரோசா இறங்க, சந்தனம் ஏறியது.

ஏறியதும் அத்தர் நானாவின் ஞாபகம். யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கமிருந்து மரப்பெட்டியோடு வருவார். உள்ளே சுண்டுவிரல் பருமனில் போத்தல்கள். கண்ணாடி மூடியை உருவி, அதன் நுனியால் எங்கள் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். "கழுவினாலும் போகாது தம்பி." போகாதுதான், பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் மணக்கும். செப்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவது அத்தர். ஸ்பிரிட் சேராது. அப்பா அதைப் பஞ்சில் தொட்டுக் காதுக்குள் செருகிக்கொள்வார்.

1990 ஒக்டோபர் 30 அன்று நானாவின் ஆக்களான யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களுக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள் புலிகள். நகையும் காசும் பறிபோன நாளில் அத்தர் போத்தலை யார் கணக்கெடுத்தார்? பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள், பிள்ளைகளையும் அங்கேயே பெற்றார்கள். போர் 2009 இல் முடிந்த பிறகும் திரும்பிக் குடியேறியவர்கள் குறைவு.

மகள் பன்னீர் மணத்தை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த கல்யாண வீடு அதுதான். மற்றதை எனக்கென்று வாங்கினேன். அந்தச் சந்தனம் மரத்திலிருந்து வந்திராது. ஜவனோல் போன்ற செயற்கைச் சந்தனங்களைச் செய்யும் ஜிவோடான் நிறுவனம், இங்கிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில், ஜெனீவாவை அடுத்த வெர்னியேயில் இருக்கிறது. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நானாவின் அத்தருக்குக் கிட்டவும் நிற்காது. ஒருதரம் கை கழுவப் போய்விட்டது.