தொட்டுக்க என்ன?

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் ‘சரக்கு’க்கு ஜோடி தேடி யாரும் அலைவதில்லை. ஊறுகாய், மிக்சர், சம்பளத் தேதியாக இருந்தால் ஒரு ஆம்லெட். மாசக் கடைசியில் ஊறுகாயும் பாதி பாக்கெட்தான். எந்த ஒயினுக்கு எந்தக் கறி என்று ஒரு சாஸ்திரமே இருப்பதாக பெங்களூரில் குப்பை கொட்டும் நண்பன் சொன்னபோது, பி.காம். மூளைக்கு முதலில் தோன்றியது, ‘இதுக்குமா கணக்கு?’

அவன் அறையில் இருந்த பாட்டில் நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு. குரோவர் கம்பெனியின் ‘லா ரிசர்வ்’. கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்று இரண்டு கறுப்புத் திராட்சைகளின் ஒயினைக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் ஊற வைத்து எடுப்பது. முன்னது துவர்ப்பு, பின்னது மிளகு வாசனை. “கவிழாத கூட்டணிடா மாப்ளே” என்றான்.

நான் கொண்டு போயிருந்தது அம்மா கட்டிக் கொடுத்த நாட்டுக்கோழி மிளகு வறுவலும், கல்வராயன் மலைச் சாமைச் சோறும். பொருந்தியது சார்! சிவப்பு ஒயினின் துவர்ப்பு, கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் ஒட்டிக்கொண்டு சாந்தமாகி விடுமாம். மிளகாய்க் காரம் என்றால் கதை வேறு, இரண்டும் சேர்ந்து எரியும். கருவாடு கூடவே கூடாது. ஆணியை நக்கிய மாதிரி இருக்கும். இன்னொன்று, ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று வெள்ளைக்காரன் சொல்வது அவன் ரூமை. 16, 18 டிகிரி. நம்ம ரூமில் குடித்தால் கஷாயம்தான். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இந்த சாஸ்திரம் பெங்களூரில் பிறந்தது என்று அவன் நினைப்பு. எங்கள் மலைக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய ‘மலைபடுகடாம்’ படித்தால் அடங்கி விடுவான். மலைக் குடிகள் விருந்தாளிக்கு மூங்கிலில் முதிர்ந்த தேன் கள் கொடுக்கிறார்கள். விடிந்ததும் மப்பு தெளிய மான், முள்ளம்பன்றி, உடும்புக் கறி. பலாக்கொட்டை மாவு, புளி, மோர் எல்லாம் சேர்த்து மூங்கில் அரிசிச் சோறு. மறுநாள் தலைவலிக்கும் சேர்த்து மெனு!

பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். “எந்த ஊர் சார்?” சொன்னேன். “ஓ... அந்தக் கள்ளக்குறிச்சியா?”

அதேதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போன ஊர். பெரும்பாலும் கூலிக்காரர்கள், பெண்களும் உண்டு. பழி வழக்கம்போல் மலை மேல் விழுந்தது. மலையில் வெல்லமும் கடுக்காயும் போட்டு ஊறல் வைத்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆளைக் கொன்றது ஊறல் இல்லை. ஃபாக்டரி வேலைக்கான மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வையைப் பறிக்கும். அதற்கு டாக்டர் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? சாதாரண ஆல்கஹால்! கல்லீரல் அதை முதலில் கவனிக்கப் போய்விடும். மெத்தனால் விஷமாக மாறாமல் வெளியேற அவகாசம் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் கையிலிருந்த கிளாஸிலும் மெத்தனால் உண்டு. திராட்சைத் தோலில் இருந்து கொஞ்சம் வரும். சிவப்பு ஒயினுக்கு சர்வதேச வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். அளந்து பார்க்க ஆள் இருக்கிறது. லேபிளில் ஆல்கஹால் சதவீதம், பேட்ச் நம்பர், யார் மேல் கேஸ் போடலாம் என்பதற்கு அட்ரஸ். கருணாபுரத்துப் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது? ஒன்றும் இல்லை.

“அவங்களும் ஒயின் குடிச்சிருக்கலாமே சார்” என்றார் பக்கத்து அறைக்காரர், நல்ல மனுஷர்தான். பாட்டில் விலையைக் கூலிக்காரனின் தினச் சம்பளத்தால் வகுத்துக் காட்டினேன். பேசாமல் ஒரு துண்டு கோழியை எடுத்துக்கொண்டார். சாமைச் சோறு வேண்டுமா என்று கேட்டேன். அதையும் வாங்கிக்கொண்டார்.