நோட்டு யார் கையில்?

பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்காக மறுபடி ஒரு வகுப்பு தொடங்கும்போது, திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் எழுதுகிறார்கள். முதலில் எழுத்து, பிறகு எட்டாவதோ பத்தாவதோ தேர்வு, அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி, கடைசியில் வேலை. குழந்தைக்கு இந்த வரிசை சரி. அதன் கையில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. சோறு போட வேறொருவர் இருக்கிறார். கூலிக்குப் போகிறவருக்கும், கணவனை இழந்தவருக்கும், பதினாறில் கல்யாணமாகி இருபதில் இரண்டு பிள்ளைகளோடு தனியே நிற்பவருக்கும் அந்த வருடங்கள் கிடையாது. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, அல்லது வீட்டில் உலை வைப்பது தள்ளிப்போகிறது. மூன்றாம் ஆண்டில் கிடைக்கப்போகும் பயனைக் காட்டி அவரை அ, ஆ எழுதச் சொன்னால் இரண்டாம் மாதத்தில் வகுப்பு காலியாகும். உடனே, பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கை எழுதப்படும். இந்த வகுப்புகளை நடத்தும் எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன அறிக்கை இது. கோளாறு ஆர்வத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வளர்ந்த பெண்ணுக்கு வேலை முதலில் வர வேண்டும். அந்த வேலையே எழுத்தைக் கேட்க வேண்டும். சான்றிதழ் அதன் பின்னால் வரட்டும்.

இதற்கு நம் நாட்டில் கிடைக்கும் தெளிவான சான்று உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டம். வறட்சிக்குப் பேர்போன புந்தேல்கண்ட் பகுதி அது. 1980களின் கடைசியில் மத்திய அரசு தொடங்கிய மகிளா சமக்யா திட்டம் அங்கே போனபோது, தலித், பழங்குடிப் பெண்களின் பெரிய கவலை தண்ணீராக இருந்தது. ஊரில் அடிபம்பு இருக்கும். பழுதானால் சரிசெய்ய ஆள் வராது. ஆகவே பெண்களுக்கே பழுதுபார்க்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இந்தியா மார்க் 2 வகைப் பம்பில், அடியில் தேய்ந்துபோன ஒரு வாஷரை மாற்றுவதென்றாலும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். எந்த ஊர்ப் பம்பு எப்போது பழுதானது, எத்தனை குழாய் கழற்றினோம், எந்த உதிரிப்பாகம் மாற்றினோம் என்று குறித்து வைக்காமல் இந்த வேலை ஓடாது. எழுதப் படிக்கத் தெரியாமலே ஸ்பேனரைப் பிடித்த அந்தப் பெண்கள், இந்த இடத்தில்தான் தங்களுக்கு எழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். எழுத்தறிவு முகாம்கள் வந்தன. மாதக்கணக்கில் தங்கிப் படிக்கும் பெண்கள் கல்வி மையம் வந்தது. பெண்களே உருவாக்கிய ‘மகிளா டாகியா’ என்ற செய்தித்தாள் வந்தது. அந்த வழியில்தான் 2002-ல் சித்ரகூடத்தில் ‘கபர் லஹரியா’ பத்திரிகை பிறந்தது. 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருதையும் பெற்றது. பம்பில் தொடங்கியது பத்திரிகை வரை போனது. அரிச்சுவடியில் தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இது ஏன் பலிக்கிறது என்பது வகுப்பில் கூட உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். வளர்ந்தவர் யாரும் வெறும் பலகையாக வருவதில்லை. சந்தையில் காய் விற்பவர் முக்கால் கிலோ, ஒன்றேகால் கிலோ விலையை நாம் பேனாவை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார். அவரையே நூற்றைந்து என்று எழுதச் சொன்னால் 1005 என்று எழுதக்கூடும். நூறையும் ஐந்தையும் காதில் விழுந்தபடியே அடுத்தடுத்து வைக்கிறார். கணக்கு தெரியாததால் வரும் பிழை அல்ல இது. இவரை ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிவரச் சொல்வது வீண் வேலை. நூறு ரூபாய்த் தாளையும் பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் வரிசையாக அடுக்கி, நடுவில் பத்து ரூபாய் இல்லாத இடத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டால் சுழியத்தின் வேலை அவருக்கே பிடிபடும். இஞ்ச் டேப், மின்கட்டண அட்டை, பாஸ்புக், மாத்திரை அட்டையில் உள்ள தேதி எல்லாமே பாடநூல்தான். அணில், ஆடு என்று தொடங்கும் குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சத்திலேயே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். இன்னொன்று: நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. எழுத்து தெரியாமல் தடுமாறுபவருக்குச் சில சமயம் வேண்டியிருப்பது கூடுதல் பாடம் அல்ல, ஒரு கண்ணாடி. இதையெல்லாம் கவனித்துச் செய்தாலும், கற்ற எழுத்துக்கு அன்றாடம் வேலை இல்லையென்றால் அது மெல்ல நழுவிவிடும். எழுத்தைத் தக்கவைப்பது புழக்கம்தான்.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்களில் பார்க்கலாம். 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய இந்தக் குழுக்கள் பெண்களை வங்கி வாசல் வரை கொண்டுவந்தன. அது சிறிய சாதனை அல்ல. ஆனால் குழுவின் வரவு செலவு நோட்டு பல இடங்களில் ஊக்குநர், பிரதிநிதி என்ற இருவரிடமே தங்கிவிட்டது. மற்றவர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்ற கையெழுத்தை அவர்கள் எழுதுவதில்லை, வரைகிறார்கள். அதற்கு மேலே உள்ள வரியில் எவ்வளவு கடன், என்ன வட்டி என்று படிக்க அது உதவாது. இங்கே பணம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, மாதாமாதம் எழுத வேண்டிய தேவையும் இருக்கிறது. தேவை மட்டும் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. நோட்டை மாதம் ஒருவர் எழுதுவது என்று முறை வைத்து, எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து துணை செய்தால், தனி வகுப்பே இல்லாமல் ஒரு வகுப்பு நடக்கும். தாமதம் ஆகும், அடித்தல் திருத்தல் இருக்கும். தணிக்கைக்கு வருபவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வேலை முதலில் என்று சொல்லும்போது வேலைக்குப் போகும் வழியும் அதில் சேர்த்திதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும், அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டிய நிலையும் அந்தச் சைக்கிளால் குறைந்தன. தூரம் என்பது பெண்ணுக்கு வெறும் கிலோமீட்டர் அல்ல என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களில் தையல் பயிற்சியை வைத்து நடந்த ஆய்வில், பயிற்சி மையம் சொந்த ஊரிலேயே இருந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளி இருந்ததைவிட நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து முடித்தார்கள். எல்லோரையும் சேர்த்து அழைத்துப்போக வண்டி ஏற்பாடு செய்தபோது அந்த இடைவெளி பெரிதும் குறைந்தது. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த தையல் பயிற்சி பற்றிய ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது: முடித்த பெண்களின் வேலைவாய்ப்பும் வருமானமும் கூடின, முடிக்கவிடாமல் தடுத்தவை தூரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை போன்றவை. 2021-லிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் இல்லாவிட்டாலும் எங்கள் வகுப்புகளுக்கு அது பெரிய உதவி. பேருந்து நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துப்போகிறதா, வகுப்பின் மூலையில் ஒரு தொட்டில் இருக்கிறதா என்ற கேள்விகளைப் பாடத்திட்டத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

சொல்லப்படக்கூடிய முதல் மறுப்பு சான்றிதழ் பற்றியது. எந்த வேலைக்கும் எட்டாவது, பத்தாவது கேட்கிறார்களே, தேர்வைப் பின்னால் தள்ளினால் பெண் அங்கேயே நின்றுவிட மாட்டாரா? நியாயமான கேள்வி. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதற்காக என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். 1912-ல் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கியபோது, பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. படிப்பின் மறுமுனையில் ஒரு வேலை காத்திருந்தது. அந்த இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்ற எல்லையோடு இருந்ததையும் மறக்கக் கூடாது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு விடுதிகள் கதவை மூடியபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் ஔவை இல்லத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் 1958-ல் கொண்டுவந்த சுருக்கக் கல்வித் திட்டமும், படிப்பை விட்ட பெண்களைத் தேர்வெழுத வைத்து வேலைக்கு அனுப்பும் எண்ணத்தில் பிறந்ததுதான். இன்று தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம். ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. எட்டாவது தேறியவர்களைச் சேர்க்கும் பிரிவுகள் ஐ.டி.ஐ.களில் இருக்கின்றன. வேலையில் கால் ஊன்றியவர் இந்தப் படிகளில் ஏறுவார். அதோடு, எந்தப் பூட்டு தேவையானது, எது வெறும் வழக்கம் என்றும் கேட்க வேண்டும். வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்றிருந்த விதியை 2019-ல் மத்திய அரசே எடுத்துவிட்டது. வண்டி ஓட்டும் திறமைக்கும் எட்டாம் வகுப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று உணர அத்தனை காலம் ஆனது.

பெண்களே தையல்தானே கேட்கிறார்கள், நீங்கள் ஏன் வேறு தொழிலைத் திணிக்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. கேட்பது உண்மை. வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், மெஷின் கிடைக்கும் என்பதால் கேட்கிறார்கள். சுவருக்குள் நின்று செய்யும் தேர்வை முழு விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே தெருவில் பத்துப் பேர் ரவிக்கை தைத்தால் கூலி இறங்கத்தான் செய்யும். தையலை மறுக்க வேண்டாம். அதோடு வயரிங், ஆட்டோ, பிளம்பிங், முதியோர் பராமரிப்பு என்று நாலு வேலைகளைச் செய்யும் பெண்களை நேரில் காட்டிவிட்டு, பிறகு கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வேலை முதலில் என்ற பேச்சு முதலாளிக்குத்தானே வசதி? தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, ஏழை வீட்டுப் பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வைத்து, விடுதிக்குள் அடைத்த முறை அது. இடையில் விலகினால் அந்தப் பணத்தை இழக்கும் நிலை. இதுவும் வேலையில் தொடங்கியதுதான். பாந்தாவின் பெண்ணுக்கும் இந்தப் பெண்ணுக்கும் எங்கே வித்தியாசம்? பம்பு பழுதுபார்ப்பவர் முழு வேலையையும் கற்றார். அதன் பதிவைத் தானே எழுதினார். அந்தத் திறமையோடு எந்த ஊருக்கும் போகலாம். ஆலையில் இருந்தவருக்குக் கிடைத்தது ஒரு இயந்திரத்தின் முன்னால் ஒரு இடம். வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் வேறு யாரிடமோ இருந்தன. ஆகவே வேலை முதலில் என்பதோடு ஒரு நிபந்தனையும் சேர்க்க வேண்டும்: கற்ற திறமை அவரோடு வெளியே போகக்கூடியதாக இருக்க வேண்டும், வேலையின் கணக்கு அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சம்பளச் சீட்டைப் படிப்பதும், பி.எஃப். பிடித்தம் சரியா என்று பார்ப்பதும், ஒப்பந்தத்தில் விலகும் விதி என்ன என்று தேடுவதும் முதல் மாதப் பாடங்கள். எழுத்து இல்லாத வேலைப்பயிற்சி பெண்ணைப் பிறர் கைக்கு ஒப்படைத்துவிடும். அதனால்தான் எழுத்தை நான் வேலைக்குப் பின்னால் வைக்கவில்லை, வேலைக்கு உள்ளே வைக்கிறேன்.

இருக்கும் பணத்தைப் பள்ளிக்குப் போகும் சிறுமிகளுக்குச் செலவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்கு. அது வருவதற்கு முன்பே அந்த வயதைக் கடந்துவிட்ட பெண்களுக்குப் பள்ளி எட்டாமல் போனது அவர்கள் குற்றமல்ல. சாதியும் வறுமையும் இளவயதுக் கல்யாணமும், பள்ளி இல்லாத ஊரும் சேர்ந்து செய்தது அது. அந்த வகையில் இரண்டாம் வாய்ப்பைச் சலுகை என்று சொல்வதே தவறு. திருப்பிக் கொடுக்கப்படாத கடன் அது. மகளுக்குக் கொடுப்பதைக் காட்டி, தாய்க்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

பயிற்சி முடிந்த அன்று சான்றிதழ் வழங்கும் விழா நடக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணி அனுப்புகிறோம். அந்த எண்கள் எங்கள் உழைப்பை அளக்கும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அளக்க ஒரு வருடம் கழித்துப் போக வேண்டும். அவர் செய்யும் வேலையின் நோட்டை எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். தேதி, ஊர், கழற்றிய குழாய் எத்தனை, மாற்றிய வாஷர் எது, வாங்கிய கூலி எவ்வளவு. எழுத்து கோணலாக இருக்கலாம், ஓரிரு பிழைகளும் இருக்கலாம். அவர் கையெழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.