வழவழப்பும் மொறுமொறுப்பும்

சாப்பிட மறுக்கும் குழந்தைக்கென வீடுகளில் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது: பிடிவாதம். அதையடுத்து இன்னொன்று வரும்: செல்லம். முதற்சொல் குழந்தையைக் குற்றவாளியாக்குகிறது, இரண்டாவது, தாயை. சோற்றில் கிடக்கும் ஒரு கறிவேப்பிலையைக் கண்டு குமட்டும் குழந்தையின் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை இவ்விரண்டும் விளக்குவதில்லை.

நிறம், மணம், சூடு, மெல்லும்போது எழும் ஒலி, அண்ணத்தில் படும் பரிசம் ஆகிய யாவும் ஒரே கவளத்தில் கூடுகின்றன. புலன்கூர்மை மிகுந்த குழந்தைக்கு, மிருதுவான தயிர்ச்சோற்றின் நடுவே திடீரெனப் பல்லில் கடிபடும் கடுகு ஓர் அதிர்ச்சி. பிஸ்கட்டை விரும்பிப் பழத்தை ஒதுக்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரே பொட்டலத்துப் பிஸ்கட்டுகள் என்றும் ஒன்றுபோல் உடையும். கொய்யாவோ பழத்துக்குப் பழம் வேறு. ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் இவ்வியல்பு மிகுதி. எனினும் அவர்களுக்கு மட்டுமே உரியதன்று. உடல் பருத்துவிடும் என்ற அச்சம் ஏதுமின்றி, உணவின் புலனியல்புகள் முதலிய காரணங்களால் உண்பதைக் கடுமையாகத் தவிர்க்கும் நிலையை, 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தனிக் கோளாறாகவே ஏற்றுக்கொண்டது.

வயதுக்கு வயது இதன் முகம் மாறுகிறது. 6 மாதக் குழந்தைக்குக் குமட்டலுணர்ச்சி நாவின் முற்பகுதியிலேயே தூண்டப்படும். நாளடைவில் அது பின்னுக்கு நகரும். முதல் குமட்டலை வெறுப்பென்று கொண்டு, மாதக்கணக்கில் மிக்சியில் அரைத்த கூழையே ஊட்டினால் மெல்லப் பழகும் பருவம் கைநழுவும். 9 மாதம் கடந்தும் கட்டிகளை அறியாத குழந்தைகளிடம் பின்னர் உணவுச் சிக்கல்கள் கூடுதலாக இருந்ததைப் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. கூழிலிருந்து கையால் மசித்த பருப்புச்சோறு, அதிலிருந்து சற்றே பருக்கை தெரியும் சோறு எனப் படிப்படியாக நகர்வதே நல்லது.

2 முதல் 6 வயது வரை புதிய உணவின் மீதான அச்சம் இயல்பாகவே ஓங்கியிருக்கும். ஓர் உணவை ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூடச் சந்திக்க வேண்டியிருக்கலாம். பழகிய உணவு ஒன்று தட்டில் உறுதியாக இருக்க, புதியது அருகே ஒரு துணுக்காக இருந்தால் போதும். தொடுவதும் முகர்வதும் முன்னேற்றமே. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று எலின் சாட்டர் வகுத்த நெறி இங்கே கைகொடுக்கும். கைபேசியைக் காட்டி வாயில் திணிக்கும் கவளம் அந்த வேளை வயிற்றை நிரப்பலாம்; உணவோடு நட்பை வளர்க்காது.

பள்ளி வயதில் மொழி துணைக்கு வருகிறது. வழவழ, கொழகொழ, மொறுமொறு, சொரசொர, நறநற எனப் பரிசத்தையும் ஒலியையும் சுட்டும் இரட்டைக்கிளவிகள் தமிழில் ஏராளம். இலக்கண வகுப்பில், பிரித்தால் பொருள் தராதவை என்று மனப்பாடம் செய்யும் அச்சொற்கள் சமையலறையில் நோயறியும் கருவிகளாகின்றன. ‘பிடிக்கவில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘வெண்டைக்காய் வழவழவென்று இருக்கிறது’ என்றால் வழி திறக்கும்: அதே காயை மெல்லியதாக அரிந்து, நீர் சேர்க்காமல் மொறுமொறுவென வறுத்துத் தரலாம். மறுக்கப்பட்டது காயன்று, அதன் பரிசம் என்பது அப்போது தெரியவரும்.

வளரிளம் பருவத்தினருக்கு இதனோடு வெட்கமும் சேர்கிறது. விடுதி உணவகமும் கல்யாணப் பந்தியும் அவர்களுக்குத் தேர்வுக்கூடங்கள். ‘ஒரு வாய்தானே’ என்று சுற்றத்தார் வற்புறுத்துவதைவிட, தானே சமைத்துப் பார்க்கும் வாய்ப்பு பெரிதும் உதவும்.

எடை குறைதல், வளர்ச்சி தேங்குதல், விழுங்கும்போது இருமல், ஏற்றிருந்த உணவுகளும் ஒவ்வொன்றாக உதிர்தல் ஆகியவை தென்பட்டால் குழந்தை மருத்துவரை நாட வேண்டும். தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ பேச்சு மொழிப் பயிற்சியாளரிடமோ அவர் அனுப்புவார்.

அதுவரை வீட்டார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ‘ஏன் சாப்பிடவில்லை?’ என்னும் கேள்வியை விட்டு, ‘வாயில் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கலாம். விடை வரும்வரை காத்திருக்கலாம்.