ஒரு மொட்டைமாடியின் கணக்கு

வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரம் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிகின்றன: போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? அந்தப் பணம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. திருப்பதி மாவட்டம் ஏர்பேட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டில் இவ்விரு கேள்விகளும் சேர்ந்தே எழுந்தன.

2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியும் ஐசரும் ஏர்பேட்டுப் பகுதியில் வளாகம் அமைத்தபின் ஆய்வு மாணவர்கள் இங்கே வாடகைக்கு வீடு தேடுவது வழக்கமாயிற்று. ஆசிரியையின் மாடிப்பகுதியிலும் தமிழகத்திலிருந்து வந்த இரண்டு ஆய்வு மாணவியர் குடியிருக்கின்றனர். வீட்டுக்கு மின் இணைப்பு ஒன்றே. மாடிக்கு ஒரு துணை மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்பது வீட்டில் முன்பே ஏற்பட்டிருந்த வழக்கம். மாதம் சராசரி 300 யூனிட்டில் மாடியின் பங்கு 140.

ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணம் படிநிலையில் ஏறுவது. முதல் 30 யூனிட்டுக்கு 1.90 ரூபாய், 75 வரை 3 ரூபாய், 125 வரை 4.50, 225 வரை 6, 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. இதன்படி 300 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,673 ரூபாய். நிலைக்கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டுத் தொகையும் தனி. மாடியிலிருந்து வரும் 1,260 ரூபாயைக் கழித்தால் ஆசிரியையின் கைப்பணம் 413 ரூபாய்தான். மாணவியருள் ஒருவர் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது, அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சராசரி விலை யூனிட்டுக்கு 5.58 ரூபாய் என்பதை அதுவரை அவரும் கணக்கிட்டதில்லை.

2024 பிப்ரவரியில் நடுவண் அரசு அறிவித்த பிரதமரின் சூர்யகர் திட்டம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது, உச்சம் 78,000. இம்மானியம் கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000 ரூபாய் என்ற அடிப்படை விலையை வைத்து வகுக்கப்பட்டது. கடைவிலை அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆசிரியைக்குக் கிடைத்த விலைப்புள்ளி 1,85,000 ரூபாய். மாடியில் துணி உலர்த்தவும் வற்றல் காயவைக்கவும் இடம் வேண்டுமென்று அவர் ஆள் உயரத்துக்குச் சட்டம் கேட்டதும் இத்தொகையில் அடங்கும். மானியம் போக 1,07,000. ஆனால் மானியம் பணி முடிந்து, நெட் மீட்டர் பொருத்திய பின்னரே வங்கிக் கணக்கில் வரும். அதுவரை முழுத்தொகையையும் கையிலிருந்தோ கடனாகவோ புரட்டியாக வேண்டும்.

அதற்கும் முன் ஒரு தடை இருந்தது. மின் இணைப்பு மறைந்த கணவரின் பெயரில் இருந்தது. இணைப்பு யார் பெயரிலோ அவரே விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என அலைந்து பெயர் மாற்றிய பின்னரே விண்ணப்பம் நகர்ந்தது. கணவரை இழந்த பெண்கள் வாழும் வீடுகளில் சூரிய மின்சாரத்தின் முதல் செலவு பெரும்பாலும் இந்த அலைச்சல்தான்.

தொழில்நுட்பத்தில் அறிய வேண்டியவை சில. கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் தேவை. நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். தகடு தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகையை ஒட்டி ஏறத்தாழ 14 பாகை சாய்ந்திருப்பது நலம். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் மொத்த உற்பத்தி குறையலாம். சித்திரை வெயிலில் தகடு சூடேறும்போது அதன் திறன் கூடாது, மாறாகக் குறையும். உப்புநீரால் கழுவினால் வெண்படலம் படியும். ஐப்பசி, கார்த்திகையில் புயற்காற்று வரும் பகுதி இது என்பதால், சட்டத்தைத் தளத்தோடு பிணைப்பதில் சிக்கனம் கூடாது. பலர் அறியாத மற்றொன்று, பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையின்போது தானும் நின்றுவிடும் என்பது. கம்பத்தில் பணிபுரியும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு.

3 கிலோவாட் மாதத்துக்கு 360 யூனிட் தரும் எனக் கொண்டால், 1,673 ரூபாயும் மிச்சமாகிறது. 1,07,000 ரூபாய் 64 மாதங்களில் திரும்பிவிடும். அதே தொகையை 7 விழுக்காட்டு வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 7,490 ரூபாய் வட்டி. அசல் பத்திரமாக இருக்கும். தகட்டில் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம். ஆனால் அசல் கூரையிலேயே கரையும், பத்தாண்டு வாக்கில் இன்வெர்ட்டரையும் மாற்ற நேரிடலாம். 66 வயதில் இந்த வேறுபாடு எளியதன்று.

மேலும், 64 மாதம் என்ற விடை, மாடியில் 9 ரூபாய் தொடர்ந்து வாங்கப்படும் என்ற எண்ணத்தின் மீதே நிற்கிறது. கட்டணமே வராத மின்சாரத்துக்கு மாணவியர் ஏன் 9 ரூபாய் தர வேண்டும்? மறுபுறம், சேமிப்பை முடக்கியவர், பழுதின் பொறுப்பை ஏற்பவர் ஆசிரியை மட்டுமே. மாணவியர் ஆய்வு முடிந்தால் போய்விடுவர். இலவசமாகத் தருவதும் நியாயமாகாது.

"நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள், அம்மா" என்றனர் மாணவியர். 5 ரூபாய் என முடிவாயிற்று. மாணவியருக்கு மாதம் 560 ரூபாய் மிச்சம், ஆசிரியைக்கு 1,113. அவருடைய பணம் திரும்ப 64 மாதங்களுக்கு மாறாக 96 மாதங்கள், அதாவது எட்டு ஆண்டுகள் ஆகும். அதை அறிந்தே அவர் ஒப்புக்கொண்டார்.

இவ்வீட்டில் நல்ல மனம் தீர்த்துவைத்ததைத் திட்டம் தீர்க்கவில்லை. மானியம் பொதுப்பணம்; அது கூரை உடையவரைச் சேர்கிறது. கூரை இல்லாதவர் அதே வெயிலின்கீழ்ப் பழைய விலையே தருகிறார். மாதம் 100 யூனிட் செலவிடும் சிறு வீட்டின் கட்டணமோ 305 ரூபாய்க்குள் அடங்குவதால் அதற்கும் ஆதாயம் சிறிதே. எத்தனை கிலோவாட் நிறுவினோம் என்று எண்ணும் ஆய்வுகள், அந்தக் கூரையின்கீழ் யார் யார் எவ்வளவு செலுத்துகின்றனர் என்பதையும் எண்ணத் தொடங்க வேண்டும். துணை மீட்டரில் அந்த எண் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.