பச்சை துப்பட்டாவும் நம்ம ஊர் கோலும்: கொல்கத்தா டெர்பியில் ஒரு மாலை

கொல்கத்தாவில் கால்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் டிப்ஸ்: எந்த வீட்டில் தங்குகிறீர்கள் என்று தெரியாமல் பச்சை நிறத்தில் டிரெஸ் எடுத்துவைக்காதீர்கள்.

நான் எடுத்துவைத்தேன். 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஜாதவ்பூரில் இருக்கும் தோழியின் வீட்டில் குளித்து, பச்சை துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தோழிதான் தலையில் அடித்துக்கொண்டாள். பச்சையும் மெரூனும் மோகன் பகான் அணியின் நிறம். அந்த வீடோ மூன்று தலைமுறையாக ஈஸ்ட் பெங்கால். அடுத்த நிமிடமே அவள் அம்மா சிவப்பு துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். அதன் பிறகுதான் எனக்கு டீ வந்தது.

அன்று மாலை டுரண்ட் கோப்பையில் இரண்டு அணிகளும் மோதுகின்றன. 1888-ல் தொடங்கிய போட்டி அது. ஆசியாவிலேயே பழைமையான கால்பந்துத் தொடர் என்பார்கள். நடக்கப்போவது வெறும் லீக் சுற்று ஆட்டம்தான். ஆனால், வீட்டில் பரீட்சை ரிசல்ட் வரும் நாளைப் போல ஓர் அமைதி. காரணம், 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஒரு டெர்பிகூட ஜெயிக்கவில்லை. கடைசியாக ஆடிய எட்டு டெர்பிகளிலும் வரிசையாகத் தோல்வி. எதிரே இருப்பதோ நடப்பு ஐ.எஸ்.எல் சாம்பியன்.

ஜாதவ்பூரில் லோக்கல் ரயில் ஏறி சியால்டாவில் இறங்கினோம். அங்கிருந்து மெட்ரோ. சியால்டா நடைமேடையில் அவள் அப்பா சற்று நின்றார். ஒவ்வொரு டெர்பிக்கும் இங்கே ஒரு நிமிடம் நிற்பாராம். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கிய மக்கள், போக இடமில்லாமல் மாதக்கணக்கில் குடியிருந்தது இந்த ஸ்டேஷனில்தான். அவருடைய அப்பாவும் அப்படி வந்து இறங்கியவர். வீடு, நிலம், ஆறு எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ஊரின் பெயர் மட்டும் இந்தப் பக்கத்தில் ஒரு கிளப்பின் பெயராக இருந்தது. 1920-ல் தொடங்கப்பட்ட அந்த கிளப், அகதிகளாக வந்தவர்களுக்கு ஊர் போலவே ஆகிவிட்டது.

மோகன் பகானுக்கும் அதன் பெருமை உண்டு. 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ ஷீல்டு வென்ற கிளப் அது. இதை நான் சொன்னபோது தோழி என்னை முறைத்தாள்.

சியால்டாவிலிருந்து மெட்ரோவில் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அடுத்தது சால்ட் லேக் ஸ்டேடியம். அந்தச் சில நிமிடப் பயணத்துக்குள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. எதிர் சீட்டில் பச்சை-மெரூன் ஜெர்சி போட்ட நான்கு பையன்கள் இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல்களைக் காட்டினார்கள். எட்டுத் தோல்வி! எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

ஸ்டேடியத்துக்கு வெளியே ஜால் முரி மணம், கொடி விற்பவர்கள், முகத்தில் சாயம் பூசிவிடுபவர்கள். உள்ளே போனால் கண் கொள்ளவில்லை. ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்த இடம். 1997-ல் இதே இரண்டு அணிகளின் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேர் வந்தார்கள். புதுப்பித்த பிறகு இப்போது சுமார் 68,000 இருக்கைகள். ஒரு பக்கம் சிவப்பும் தங்கமும், மறுபக்கம் பச்சையும் மெரூனும். ரசிகர்களைப் பிரித்து உட்கார வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியில் ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். தோழியின் அம்மா அரை மணிக்கு ஒருமுறை போன் செய்து ‘எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்’ என்று கேட்டது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

டிரம் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இருந்தும் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த புதிய கோச் குவாட்ராட் சரிப்படுவாரா என்று முன்வரிசையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘நந்தாவின் ஊரா?’

நந்தா என்றால் நந்தகுமார் சேகர். சென்னைக்காரர். அந்த சீசனில்தான் ஒடிஷா அணியிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தார். சென்னையிலிருந்து போன எனக்கு அவரைப் பற்றி அந்தப் பெண்மணிக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் தோழியின் அப்பா பழைய கதை சொன்னார். 1950 வாக்கில் இந்த கிளப்பின் முன்கள வீரர்கள் ஐந்து பேரைப் பஞ்ச பாண்டவர்கள் என்றே அழைத்தார்களாம். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னிந்தியர்கள். ஊரை இழந்து வந்தவர்களுக்காக எங்கிருந்தோ வந்தவர்கள் கோல் அடித்தார்கள் என்றார்.

60-வது நிமிடம். வலது ஓரத்தில் நந்தகுமாரிடம் பந்து வந்தது. உள்ளே வெட்டித் திரும்பி, இடது காலால் வளைத்து அடித்தார். பந்து தூரத்துக் கம்பத்தின் ஓரமாகப் போய் வலைக்குள் விழுந்தது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. யாரோ என்னைத் தூக்கினார்கள். யாருடைய தண்ணீரோ என் தலையில் கொட்டியது. பக்கத்து சீட் பெண்மணி என் இரண்டு கன்னங்களையும் பிடித்து, அந்த கோலை நானே அடித்ததுபோல் கொஞ்சினார். நானும் வெட்கமே இல்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

இன்னும் முப்பது நிமிடம் பாக்கி. அதுதான் கொடுமை. எட்டு முறை தோற்றவர்களுக்கு ஒரு கோல் முன்னிலை என்பது சந்தோஷம் இல்லை, பயம். தோழியின் அப்பா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகன் பகான் பந்தோடு பெட்டிக்குள் வரும்போதெல்லாம் எங்கள் கேலரி மூச்சை நிறுத்தியது.

விசில். 1-0.

எல்லோரும் குதித்தபோது அவர் மட்டும் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். தோழி அவர் தோளில் கை வைத்துப் பேசாமல் நின்றாள்.

திரும்பும் மெட்ரோவில் எட்டு விரல் காட்ட ஆள் இல்லை. எங்கள் பெட்டி முழுக்கப் பேச்சு. நந்தா இடது காலில் அடித்தது திட்டமா, தற்செயலா? யார் எந்த சீட்டில் இருந்தார்கள், அந்த ராசியான சீட்டை அடுத்த முறை எப்படிப் பிடிப்பது? கோலைப் பார்க்காமல் பாத்ரூம் போயிருந்த ஒருவரை அடுத்த டெர்பியிலும் 60-வது நிமிடம் அங்கேயே அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். சியால்டாவில் இறங்கியபோது அப்பா போனை எடுத்தார். அம்மாவிடம் இரண்டே வார்த்தை சொன்னார்: இலிஷ் வாங்கு.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். இது கொல்கத்தாவின் சமையலறைச் சட்டம். இலிஷுக்கு முள் அதிகம். எனக்கு முள் எடுத்துக் கொடுத்தது, காலையில் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போன அதே அப்பாதான்.

சந்தோஷம் மூன்று வாரம்தான் நீடித்தது. செப்டம்பர் 3 அன்று அதே கோப்பையின் இறுதிப் போட்டியில் இதே அணிகள் மோதின. மோகன் பகான் பத்துப் பேரோடு ஆடி 1-0 என ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. தோழியின் அத்தை கணவர் மோகன் பகான் ரசிகர். அன்றிரவு ஃபேமிலி குரூப்பில் அவர் போட்ட இறால் படத்தை அவள் எனக்கு அனுப்பிவைத்தாள். அப்பா சாப்பிடவில்லை என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

2024 ஜனவரி 19. சூப்பர் கோப்பை, புவனேஸ்வர். ஈஸ்ட் பெங்கால் 3, மோகன் பகான் 1. அதில் ஒரு கோல் நந்தகுமாருடையது. இரவு பத்து மணிக்கு மேல் தோழியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. தட்டில் ஒரே ஒரு துண்டு இலிஷ். ஜனவரியில் இலிஷ் ஏது என்று கேட்டேன். ஃப்ரீசர் மீனாம். ஐஸில் வைத்த மீனை வாழ்நாளில் தொடாத மனிதர், அன்று இரண்டாவது துண்டும் கேட்டாராம்.