ஓட்டைப் படகும் ஒரு டப்பா கோலப்பொடியும்

"அம்மாகிட்ட சொல்லாதே கண்ணு"ன்னு நான் சொன்னதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "அம்மா, படகுக்குள்ள தண்ணி வந்துச்சு. அப்பா சொல்ல வேணாம்னு சொன்னாங்க"ன்னு பொண்ணு ஒப்பிச்சிட்டா. ஏழு வயசு. அந்த வயசுல ரகசியம்னா உடனே சொல்லணும்னு அர்த்தம் போல :-)

படகு நம்ம கைக்கு வந்த கதையை முதல்ல சொல்லிடறேன். நாங்க இருக்கறது ஒடிசாவுல, சம்பல்பூர் பக்கத்துல புர்லா. ஊருக்குத் தலைமாட்டுல ஹிராகுட் அணை. மகாநதிக்குக் குறுக்கே கட்டி 1957ல நேரு திறந்து வச்சது. ரெண்டு பக்க மண்கரையையும் சேர்த்தா நீளம் 25 கிலோமீட்டருக்கு மேல. கரையில நின்னு பார்த்தா கடல் மாதிரி இருக்கும். கண்மாய் நிறைஞ்சாலே திருவிழா கொண்டாடற சிவகங்கைச் சீமை ஆளுக்கு இது போதாதா?

பக்கத்து குவார்ட்டர்ஸ் வங்காளி தாதா மாற்றலாகி கொல்கத்தா கிளம்பும்போது அவரோட மீன்பிடிப் படகை என் தலையில கட்டினார். அலுமினியம், 12 அடி, தட்டை அடி, ரிவெட் அடிச்சது. எட்டாயிரம் ரூபாய். "கொஞ்சூண்டு தண்ணி வரும், ஒரு மக்கு வச்சுக்கோங்க"ன்னார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நானும் ஹார்டுவேர் கடையில ரெண்டு பொட்டலம் வாங்கிப் பிசைஞ்சு அப்பற பசையை உள்பக்கமா அப்பிட்டு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கரையிலேர்ந்து அரை கிலோமீட்டர் போனதும் கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஒரு கையில துடுப்பு, ஒரு கையில மக்கு. பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருந்தா. எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கிச்சு.

தங்கமணி சத்தம் போடல. "2014ல இதே தண்ணியில பிக்னிக் போன படகு கவுந்துதே, ஞாபகம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டா. இருக்கு. அந்த பிப்ரவரி 9ஆம் தேதி இருபதுக்கும் மேல உயிர் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் வீட்டுல "சாப்பாடு வச்சாச்சு"ங்கற அளவுலதான் பேச்சு.

படகை வித்துடலாம்னு பார்த்தேன். ஆனா ஓட்டைன்னு தெரிஞ்சே இன்னொருத்தன் தலையில கட்டறதா? சரி, ஒழுங்கா சரி பண்ணுவோம்னு ஆள் தேடினேன். ஹிராகுட்ல 1959லேர்ந்து அலுமினிய உருக்காலை இருக்கு. அலுமினியத்தோடயே பொழைச்ச ஆளுங்க இந்தப் பக்கம் நிறைய. அப்படி ஒரு வயசான மிஸ்திரி கிடைச்சார்.

வந்ததும் என் பசையைப் பார்த்தார். நகத்தால நெம்பினார், அடை மாதிரி அப்படியே கழண்டு வந்துது. "சார், தண்ணி உள்ளே எட்டிப் பாக்கற இடம் வேற, நுழையற இடம் வேற. சட்டத்தை ஒட்டியே ஓடி எங்கேயோ வெளிய வரும். வெளியிலேர்ந்து பாக்கணும்"னார். படகை மரக்குதிரை மேல ஏத்தி, உள்ளே குழாய்த்தண்ணியை விடச் சொன்னார். சின்ன வயசுல அப்பத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தி, சொட்டற இடத்துல கரியால வட்டம் போட்டு வைக்கும். அதே வைத்தியம்தான். ஆனா குடம் இல்லையே இது. இந்த அளவு படகுல 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணி நின்னாலே 400 கிலோவைத் தாண்டிடும். அதனால அடியில மணல் மூட்டை முட்டுக் கொடுத்து, மெதுவா நிரப்பினோம்.

சாக்பீஸால குறிச்சப்ப மொத்தம் ஏழு இடம். அஞ்சு, தளர்ந்த ரிவெட். ஒண்ணு, தகடு சேர்ற மூட்டு. கடைசி ஒண்ணுதான் சுவாரசியம். யாரோ புண்ணியவான் ஒரு பித்தளை போல்ட் போட்டிருந்தார். அதைச் சுத்தி வெள்ளையா பொடி, பொடியைத் தட்டினா குழி. பித்தளையும் அலுமினியமும் ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா பேட்டரி மாதிரி வேலை செய்யும். கரைஞ்சு போறது அலுமினியம்தான்.

"வெல்டிங் வச்சிடலாமே?"ன்னேன், என்னமோ தெரிஞ்ச மாதிரி. மிஸ்திரி தலையை ஆட்டினார். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். மேல இருக்கற ஆக்சைடு தோல் உருக 2000க்கு மேல வேணும். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் பண்ணாது, பொசுக்குனு ஓட்டை விழுந்துடும். பழைய மெல்லிசுத் தகட்டுல சூடு வச்சா பக்கத்து ரிவெட்டும் தளரும். ஆக, ரிவெட்தான்.

ஆபீஸ்ல நாள் முழுக்க ஆணி புடுங்கற நமக்கு, ஞாயித்துக்கிழமை ஆணி அடிக்கற வேலை! தளர்ந்த ரிவெட்டை இறுக்க ரெண்டு பேர் வேணும். அடியில ஒருத்தர் கனமான இரும்பை ரிவெட் தலையில அழுத்திப் பிடிக்கணும். உள்ளே இருக்கறவர் வால் பக்கம் சின்னச் சின்னதா அடிக்கணும். பிடிக்க ஆள் இல்லாம அடிச்சா இன்னும் தளரும். மிஸ்திரிக்கு இடுப்பு வலி, குனிய முடியாது. நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். "தள்ளுங்க"ன்னு ஒரு குரல். தங்கமணி புடவையைச் செருகிக்கிட்டு, தண்டவாளத் துண்டோட படகுக்கு அடியில உக்காந்துட்டா. ரெண்டு நாளைக்கப்புறம் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அதுதான்.

மூணு ரிவெட் இறுகிச்சு. ரெண்டு இறுகல. துளைச்சு எடுத்துட்டு கொஞ்சம் பெரிய ரிவெட் போட்டோம். கடையில சாதாரணமா கிடைக்கற பாப் ரிவெட்டுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், தண்ணி அது வழியாவே வரும். முனை மூடினதா, அலுமினியத்துலயே கேட்டு வாங்கணும். மூட்டை ஸ்டீல் கம்பி பிரஷ்ஷால பளபளன்னு தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, பாலியூரிதேன் சீலன்ட் வச்சோம். குழி விழுந்த இடத்துக்கு அலுமினியத் தகட்டு ஒட்டு. சீலன்ட் காய ஒரு வாரம் விட்டாச்சு.

அடுத்த ஞாயிறு படகைத் தண்ணியில இறக்கி, கயித்தால கட்டி, எங்க மூணு பேர் எடைக்கு மணல் மூட்டை ஏத்தினோம். "எல்லாம் சரி, சொட்டு இல்ல"ன்னு நான் ஆரம்பிச்சேன். தங்கமணி பையிலேர்ந்து கோலப்பொடி டப்பாவை எடுத்தா. மூட்டு மூட்டா, ரிவெட் வரிசை முழுக்க இழை இழுத்துட்டு, "அரை மணி நேரம் இருக்கட்டும்"ன்னா. மிஸ்திரி சிரிச்சார். தொட்டியில கசிவு பார்க்க, ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவாங்களாம்.

அரை மணி கழிச்சுப் பார்த்தா பின்மூலையில ஒரு இடத்துல கோலம் நனைஞ்சு கறுத்திருந்தது. என் கண்ணுக்குத் தெரியாத எட்டாவது ஓட்டை!

அதையும் அடைச்சு, மறுபடி கோலம் போட்டு, பொடி காய்ஞ்சே இருந்ததும்தான் அனுமதி கிடைச்சது. அதுவும் மூணு பேருக்கும் லைஃப் ஜாக்கெட், கரையை விட்டு ரொம்ப விலகக்கூடாதுங்கற நிபந்தனையோட.

படகு நகர்ந்ததும் பொண்ணு கீழே குனிஞ்சு தொட்டுப் பார்த்தா. உலர்ந்திருந்தது. எதிர்ல அம்மா உக்காந்திருக்க, என் காதுல கிசுகிசுன்னு, "அப்பா, தண்ணி வரலைன்னு அம்மாகிட்ட சொல்லலாமா?"ன்னா.

"சத்தமா சொல்லு"ன்னேன்.

மக்கு இன்னும் படகுலதான் இருக்கு. மீனா? அதை மட்டும் கேக்காதீங்க :-)