படத்தில் இல்லாத பாட்டி

புகைப்படத்தைப் பார்த்து ஓவியம் தீட்டுவது காப்பியடிப்பதாகுமா? ஓவிய வகுப்பில் எங்களுக்குள் எழுந்த இந்தக் கேள்விக்கு எங்கள் சகோதரி உடனே விடை கூறவில்லை. இரண்டு ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை மேசைமீது விரித்தார்.

ஒன்று, அமெரிக்க ஓவியர் ராபர்ட் பெக்டில் 1968-69இல் தீட்டிய '61 பான்டியாக்'. தெருவோரம் ஒரு கார். அதன் முன்னே ஓவியரும் அவர் மனைவியும் இரு குழந்தைகளும். அவ்வளவுதான்! தாம் எடுத்த படத்தின் ஸ்லைடைக் கித்தான்மீது ஒளியாக விழச் செய்து, கோடுகளை வரைந்துகொண்டு, பிறகு பொறுமையாக வண்ணம் தீட்டுவது அவர் வழக்கமாம்.

மற்றொன்று, ரிச்சர்ட் எஸ்டெஸ் 1967இல் வரைந்த 'தொலைபேசிக் கூண்டுகள்'. நியூயார்க் தெருவில் நான்கு கூண்டுகள். அவற்றின் உலோகத்திலும் கண்ணாடியிலும் தெருவே சிதறிப் பிரதிபலிக்கிறது. இவர் ஒரே புகைப்படத்தை நம்பியவரல்லர். பல படங்களை இணைத்து, அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒருங்கே தெளிவாகத் தெரியுமாறு அமைப்பார். அவருடைய தெருக்களில் குப்பையைக் காண்பது அரிது.

"அப்படியானால் இது காப்பியன்று! எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது ஓவியர் கையில்தான்" என்று துள்ளினோம்.

அந்தத் துணிவில், பள்ளி வாயிலைப் படமெடுத்து, எட்டுப் பேர் சேர்ந்து பெரிய அட்டையில் தீட்டினோம். பேருந்து நிறுத்தம், மின்கம்பிகள், சைக்கிள்கள், தேங்கிய மழைநீரில் தலைகீழாய்த் தெரிந்த வாயில் வளைவு – ஒன்றையும் விடவில்லை. வாயிலருகே சாக்கு விரித்து நெல்லிக்காய் விற்கும் பாட்டியை மட்டும் விட்டுவிட்டோம். படத்தின் அழகு கெடும் என்று எண்ணினோம்.

பள்ளி விழாவன்று பாட்டி வந்து பார்த்தார். நெடுநேரம் நின்றார்.

"எல்லாம் அப்படியே இருக்கு கண்ணு. நான் அன்னிக்கு வரலையா?"

எங்களுக்கு வாய் எழவில்லை. படமெடுத்த அன்றும் அவரிடம் நெல்லிக்காய் வாங்கித் தின்றிருந்தோம். காமிரா அவரை விடவில்லை, விட்டவர்கள் நாங்களே.

அடுத்த வாரம், மதிய இடைவேளைகளில், அவரை வரைந்து சேர்த்தோம். காய்ந்த வண்ணத்தின்மேல் தீட்டியதால் அவருடைய நீலச் சேலை சற்றுத் துருத்திக்கொண்டுதான் தெரிகிறது. சரிசெய்யட்டுமா என்று கேட்டோம். "அது அப்படியே இருக்கட்டும்" என்றார் சகோதரி.

அயலாரை நேசிக்க வேண்டுமென்று மறைக்கல்வி வகுப்பில் பலமுறை படித்திருக்கிறோம். முதலில் அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை ஓவிய வகுப்பில்தான் கற்றோம்.